பெண்ணின் அம்மாவைப் பார்க்க வருகிறார்கள்

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு விழித்தேன். வலது கண் திறந்தது. இடது கண் திறக்கவில்லை. பீளை கட்டியிருக்கும் என்று விரலால் தடவிப் பார்த்தேன். வேகவைத்த முட்டையை உரித்து அங்கே ஒட்டிவைத்தது போல, வழவழப்பாகவும் சூடாகவும் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. அதுதான் என் இமை.

குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். நெற்றி முன்னால் வந்திருந்தது. கன்னங்கள் மேலேறியிருந்தன. காது இரண்டும் தடித்து, முடி தொடங்கும் இடமெல்லாம் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம். மூக்குத்தியை வைத்துத்தான் அது நான் என்று தெரிந்தது.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்வது கொஞ்சம் அவசரம். இன்னும் முடிவாகவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள், குற்றால சீசன் நேரத்தில் ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று தென்காசிக்கு வந்திருந்தாள். பையனுக்கும் பெங்களூரில்தான் வேலை. சொந்த ஊர் வீரகேரளம்புதூர். ஜாதகம் பொருந்தியபின் இருவரையும் போனில் பேசிக்கொள்ளச் சொல்லியிருந்தோம். அது ஆறு மாதமாக நடக்கிறது. மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுவாள். சாரல் விழுந்தாலும் இறங்கி வரமாட்டாள். தும்மிக்கொண்டே பேசுவாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்பதை அந்தத் தும்மலை வைத்தே தெரிந்துகொண்டேன். பையனின் அம்மா ஒரு முறை நேரில் வந்து பார்த்து, சரி என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் என் கணவரின் அக்கா. சுரண்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். புதன்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, பொண்ண அவிய வீடியோவுல பாத்தாச்சு. இனி உன்னத்தான் பாக்க வாராவ."

"என்ன எதுக்கு மதினி பாக்கணும்?"

"இருபத்தஞ்சு வருசம் கழிச்சி இவ எப்படி இருப்பான்னு உன் மூஞ்சியிலதான தெரியும்? அந்தத் தலையக் கொஞ்சம் கவனி. பாதி வெள்ள, பாதி கறுப்பு. டிவி பொட்டி கோளாறு மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் போனை வைத்தேன். அடுக்களைக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறோம். அந்தச் சிரிப்பு அதுவரைக்கும்தான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் மகள் ஐந்தருவிக்குப் போகலாம் என்றாள். குளித்து முடித்து, அவள் மங்குஸ்தான் பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். நான் துண்டால் தலையைத் துவட்டியபடி ஒரு மூலிகைக் கடை முன்னால் நின்றேன். கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். மீசை மட்டும் கரிக்கட்டையாக இருந்தது.

"வாங்க ஆச்சி, முட்டு வலிக்குத் தைலம் இருக்கு" என்றார்.

எங்கள் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. போன சீசன் வரை இந்தத் தெருவில் எனக்கு அக்கா என்றுதான் பெயர். என்னை அறியாமல் கை தலைக்குப் போயிற்று. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"நரைக்கும் இருக்கு ஆச்சி. சுத்த மூலிகை. மலையில பறிச்சது. கெமிக்கல்ங்கிற பேச்சுக்கே எடம் கெடயாது."

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள். ஒவ்வாமை எப்படி வருகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள். வேறு எந்த ஊரில் ஒருவர் பெயர் எழுதாத பொட்டலத்தை நீட்டியிருந்தாலும், இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டிருப்பேன். குற்றாலத்தில் நாங்கள் யாரும் கேட்பதில்லை. மலைமேல் இருக்கிற செடிகொடிகளை எல்லாம் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர், அது பட்டால் போதும் என்று சொல்லியே வளர்ந்தவர்கள். அருவிக்குப் பக்கத்தில் விற்பதால் அந்தப் பொடிக்கும் அதே மரியாதையைக் கொடுத்துவிட்டேன். மஞ்சள் நூலால் கட்டிய பிளாஸ்டிக் பொட்டலம். ஈரத்துணிப் பைக்கு அடியில் போட்டு மறைத்துக் கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமை, வீட்டை ஒழுங்குபடுத்த அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். வெளியே சாரல். மகள் முறுக்கு டப்பாவையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு படம் பாப்போம்மா. கொஞ்சம் உடம்பு கூசும். தாங்குவியா?"

"தவளைய அறுத்தவட்ட வந்து கேக்க பாரு."

ஏதோ வெளிநாட்டுப் படம். டிவியில் செய்தி வாசிக்கும் ஒரு பெண், ஐம்பதைத் தாண்டியவள். உன் முகம் பழசாகிவிட்டது என்று அவளை எடுத்துவிடப் பார்க்கிறார்கள். அவளுக்கு ஒரு களிம்பு கிடைக்கிறது. ராத்திரி தடவினால் காலையில் முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. ஆனால் அந்தச் சுருக்கம் ஒழிந்துபோகவில்லை, கைக்கு இறங்கியிருக்கிறது. முகம் இளசாக ஆக, கை இரண்டும் ஆலம்விழுது மாதிரி ஆகிக்கொண்டே வருகின்றன. கையுறை போட்டு மறைக்கிறாள். பிறகு கையிலும் இடம் போதாமல் சுருக்கங்கள் தோளை நோக்கி ஊர்கின்றன. தோலுக்கு அடியில் மண்புழு போவது போல அதைக் காட்டினார்கள். முறுக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

"தவள அறுத்த டீச்சர் கண்ணப் பொத்துதாவ" என்றாள் மகள்.

ஒரு பெரிய மேடையில் எல்லோருக்கும் முன்னால் அவள் கையுறையைக் கழற்றப் போகிற இடத்தில் கரண்டு போய் இன்டர்நெட்டும் நின்றது. மழைக்காலத்தில் இது வழக்கம்தான். மகளுக்கும் ஆபீஸ் மீட்டிங் இருந்தது. மீதியை அப்புறம் பார்ப்போம் என்று போனில் நெட்டைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் எழுந்து நேராகப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்தப் படத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சத்தியமாக அப்போது தோன்றவில்லை. அது களிம்பு, இது மூலிகை. டம்ளரில் குழைத்துத் தலையில் பூசி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைத் துடைத்தேன். அலசியபோது முடி நன்றாகவே கறுத்திருந்தது. உள்ளதைச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது. ராத்திரி சாப்பிடும்போது கணவர் கவனிக்கவே இல்லை. மகள் மட்டும், "என்னம்மா, காலேஜ் சேரப் போறியா?" என்றாள். படுக்கும்போது தலை லேசாக அரித்தது. மூலிகை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

காலையில் என் சத்தம் கேட்டுக் கணவர் பல்துலக்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். "ஏட்டி, என்னாச்சு" என்று தொடங்கியவர் அப்படியே நின்றார். நுரை வாயிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த மகளுக்கு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு நிஜமாகவே அழுதாள். அழுதுகொண்டே, "அந்தப் படத்துல கூட இவ்வளவு சீக்கிரம் மாறலியேம்மா" என்றாள்.

"அந்தப் பொம்பளைக்குக் கடைசில என்னட்டி ஆச்சு?"

"அத இப்ப கேக்காத."

கணவர் ஸ்கூட்டரை எடுத்தார். ஹெல்மெட் என் தலையில் இறங்கவில்லை. நேற்றுவரை என் தலைக்குப் பெரிதாக இருந்த ஹெல்மெட் அது. ஆட்டோ பிடித்துப் போனோம். முக்காடு போட்டிருந்தும், ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு, கிளினிக் வரும்வரை மறுபடி பார்க்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் என் முடியோரத்தை மட்டும் பார்த்துவிட்டு, "வீட்டுல என்ன விசேசம்?" என்று கேட்டார்.

மகள் சொன்னாள்.

"கறுப்புப் பொடிதான? வாரத்துக்கு ரெண்டு பேர் வாராவ. மூலிகைன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ. மூலிகையில இப்படி மைக் கறுப்பு வராது. கெமிக்கல் கலந்திருப்பான்."

பிறகு எச்சிலை விழுங்கச் சொன்னார். மூச்சை இழுத்து விடச் சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தார். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் அப்போது பேசவில்லை. மகள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்தது.

"தொண்டைக்கு எறங்கல. எறங்கியிருந்தா கத வேற. மூச்சு இறுக்கினா ஒரு நிமிசம்கூட வீட்டுல இருக்கக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்" என்று சொல்லி ஊசி போட்டார்.

எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் இன்னும் அப்படி நினைக்க முடியவில்லை. இப்போதும் காலையில் எழுந்தால் முதலில் விரல் இமைக்குப் போகிறது. அப்புறம் ஒரு முறை எச்சில் விழுங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

"பதினோரு மணிக்குள்ள வத்துமா?" என்று கேட்டேன்.

"மூணு நாளாவது ஆகும்மா" என்றார்.

வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று கணவர் அவர்களுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. பையனுக்கு மகள் அடித்தாள். அவனும் எடுக்கவில்லை. விடிகாலையிலேயே வந்து அருவியில் குளித்துவிட்டு அப்படியே வருவதாக ஏற்பாடு. போனெல்லாம் காருக்குள் கிடந்திருக்கும்.

ஒன்பதரைக்கு மதினி சுரண்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் மல்லிகைப்பூ. வாசலில் என்னைப் பார்த்தவர் பூவைக் கணவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தலையக் கவனின்னு சொன்னேன். தலைய மாத்துன்னு சொன்னனாட்டி?"

யோசித்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். "இத அவிய பாத்தா, பரம்பரைத் தோல் வியாதின்னுதான் நெனைப்பாவ. ஊரு பூரா பரவிரும். நீ உள்ரூம்ல இரு. அம்மா அவசரமா வடகரைக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிருவோம். அம்மா ஸ்தானத்துல நான் உக்காந்துக்கிடுதேன்."

"அக்கா, நீ உக்காந்தா பிள்ளைக்கி எழுவது வயசுல மூக்கு எப்படி இருக்கும்னுதான் அவியளுக்குத் தெரியும்" என்றார் கணவர். அந்த வீட்டில் அன்று காலை முதல் முறையாக எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரித்தால் வலித்தது.

ஆனாலும் நான் உள்ரூமுக்குப் போக எழுந்துவிட்டேன். என் ஒரு தலைமுடிக்காக இவள் கல்யாணம் நின்றால், நான் அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? மகள் ஓரமாக நின்று புடவை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அவனுக்கு அவங்கம்மா சொல்லு பெருசு. அவிய வேண்டாம்னா ஒண்ணும் பேசமாட்டான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு வந்து என் கையைப் பிடித்து ஹால் நாற்காலியிலேயே மறுபடி உட்காரவைத்தாள்.

"நீ இங்கனயே இரு. இன்னைக்கு உள்ள ஒளிச்சா நிச்சயத்தன்னைக்கு எங்க ஒளிக்க? காலம் பூரா கையுறை போட முடியாதும்மா."

"கையுறையா? அது எதுக்குட்டி?" என்றார் மதினி.

பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலைப் பார்க்க உட்கார்ந்தேன். கணவர் தன் கூலிங்கிளாஸைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். தடித்த காதில் அது நிற்கவில்லை. வழுக்கி மடியில் விழுந்தது. மதினி அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் என்று தெரியவில்லை.

பதினொன்று அடித்துச் சற்று நேரத்தில் தெருவில் கார் சத்தம். எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் கிடையாது. தகப்பனும் மகனும் இடம் தேடிப் போக, அந்த அம்மா மட்டும் இறங்கி முதலில் வந்தார். ஈரத்தலையைத் துண்டால் சுற்றியிருந்தார். கையில் ஒரு தோள்பை. படியேறியவர் என்னைப் பார்த்து நின்றார்.

"பல்லு வலி" என்று ஆரம்பித்தார் மதினி.

"இல்ல" என்றேன் நான். வீங்கிய உதட்டோடு அதைச் சொல்லவே நேரம் பிடித்தது. "தலைக்குச் சாயம் பூசினேன். ஒத்துக்கல. நீங்க வாரியன்னுதான் பூசினேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மதினி காட்டிய சோபாவை விட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். குனிந்து என் முடியோரத்தைப் பார்த்தார். அவர் துண்டுக்குள்ளிருந்து ஒரு கற்றை வெளியே தெரிந்தது. நுனி கறுப்பு, அடி வெள்ளை.

"எங்கன வாங்கினிய?"

"ஐந்தருவியில. மூலிகைக் கடையில."

தோள்பையைத் திறந்தார். நனைந்த சீப்பையும் சோப்பு டப்பாவையும் எடுத்து மடியில் வைத்துவிட்டு அடியில் துழாவினார். பெயர் எழுதாத பிளாஸ்டிக் பொட்டலம். மஞ்சள் நூல்.

"தண்ணியில எறங்குததுக்கு முன்னாடி வாங்கினேன். நிச்சயத்துக்குப் பூசிக்கிடலாம்னு."

அவர் பொட்டலத்தை இரண்டு விரலால் பிடித்து என் மகளிடம் நீட்டினார்.

"இந்தா மருமகளே, இத எங்கயாவது தூரப் போடு."

மகள் வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றாள். அவர் என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"உங்களயும் அவன் ஆச்சின்னுதான் கூப்பிட்டானா?"