நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்

லிஃப்ட்டுக்காரர் என்றால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். பெட்டி அரை அங்குலம் ஏறி நின்றாலும் மனுஷனுக்குப் பொறுக்காது. தரையோடு தரை ஒட்டும்வரை அதை மேலும் கீழும் ஓட்டி, காத்திருப்பவர்களின் பிராணனை வாங்கிவிடுவார். வேலையில் அப்படிப்பட்ட ஆள், பேட்மின்டனில் ஒரு விதியைப் பதினோரு வருஷமாகத் தப்பாகவே பிடித்துக்கொண்டிருந்தார் என்றால் என்னத்தைச் சொல்ல!

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துக் காகிதத்தைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிற பெண். பதினோரு வருஷத்துக்கு முன்பு குடியிருப்பில் தம்பதிகளுக்கான இரட்டையர் போட்டி வைத்தபோது, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த விதிகளை நின்று படித்தவர் அவர் ஒருவர்தான். இவர் படிக்கவில்லை. "ஆடத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார். ஆட்டத்தின்போது மனைவி கண்ணாலேயே காட்டிய பக்கம் போய் நின்று, இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தும் விட்டார்.

எதிரே மூன்றாம் மாடிப் பல் டாக்டரும் அவர் மனைவியும். அவர்கள் பத்தொன்பது, இவர்கள் பதினெட்டு. சர்வீஸ் அவர்களுடையது. இவர் மனைவி இடப்பக்க மூலையிலிருந்து அடித்த அடியில் டாக்டர் தடுமாற, பாயிண்ட் இவர்களுக்கு வந்தது. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. சுற்றி நின்ற நாற்பது பேரும் கத்தினார்கள்.

மனைவி நின்ற இடத்திலேயே ஷட்டிலை எடுத்தார்.

"பாயிண்ட் வந்துச்சுல்ல, பக்கம் மாறு. நான்தான் சர்வீஸ்," என்றார் இவர்.

"இல்லைங்க. இவ்வளவு நேரம் சர்வீஸ் அவங்ககிட்ட இருந்துச்சு. அதனால நாம நின்ன இடத்துலயே நிக்கணும். பத்தொன்பது ஒத்தப்படை, இடப்பக்கம் நிக்கிறவங்க போடணும். நான்தான்."

"இது என்ன மாத்திரை எண்ணுற வேலைன்னு நெனச்சியா? எனக்கு நீ சொல்லித்தர்றியா? மாறுன்னா மாறு!"

சிலர் சிரித்தார்கள். கரும்பலகையில் எண்களை எழுதிக்கொண்டிருந்த காவலாளிக்கு எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. மனைவி ஷட்டிலை இவர் கையில் கொடுத்துவிட்டு வலப்பக்கம் போனார். இவர் போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. அடுத்த பாயிண்டும் போனது. ஆட்டம் முடிந்ததும் டாக்டரின் கையைக் குலுக்கிக்கொண்டே, "கடைசி நேரத்துல இவ குழப்பிட்டா சார்," என்று வேறு சொன்னார்.

அன்றைக்கு மனைவி தன் மட்டையை உறையில் போட்டு, பரண்மேல் பழைய மின்விசிறிக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. இவர் ஓரிரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறு ஜோடிகளோடு ஆடினார். பக்கம் மாறுவதில் குழப்பம் வந்தால் குரலை உயர்த்துவார். "சரி விடுங்கண்ணே, நீங்க சொன்னா சரிதான்," என்று அவர்களும் விட்டுவிடுவார்கள்.

இந்த வருஷம் முழங்கால் தேய்ந்து ஆட முடியாமல் போனது. ஆட முடியாவிட்டால் நடுவராகவாவது உட்காரலாம் என்று ஒருநாள் பயிற்சிக்குப் போனார். மாலையில் தேர்வு. இருபது கேள்விகளில் ஒன்று மட்டும் தப்பு: பத்தொன்பதுக்குப் பத்தொன்பது ஆனதும் யார் சர்வீஸ் போடுவது என்பது. சும்மா விடுவாரா? விடைத்தாளோடு பயிற்சி கொடுத்த அம்மாவிடம் சண்டைக்குப் போனார்.

அந்த அம்மா மேஜைமேல் நான்கு பாட்டில் மூடிகளை ஆட்டக்காரர்கள் மாதிரி வைத்தார். "சார், அவங்க சர்வீஸ் போட்டப்ப நீங்க எங்க நின்னீங்களோ அங்கயேதான் நிக்கணும். நாமளே சர்வீஸ் போட்டு நாமளே பாயிண்ட் எடுத்தாத்தான் பக்கம் மாறணும். இப்ப பத்தொன்பது. ஒத்தப்படை. இடப்பக்கம் யாரு நிக்கிறா? அவங்கதான் சர்வீஸ்."

அன்றைக்கு மனைவி சொன்ன அதே வார்த்தைகள். வெட்கத்தில் இவரால் அந்த அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்ததும், அடுத்த மாதத் தம்பதியர் போட்டிக்கு ஒரு விண்ணப்பம் வாங்கி, மனைவி பெயரை முதலில் எழுதினார். முழங்கால் போனால் போகட்டும், அவளோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும், முதல் சர்வீஸ் அவள் போட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

மனைவி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கீழ்க்கொடி வழிய வழிய இருந்தது. மேல்கொடி காலி.

"அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு," என்றார்.

எந்த அன்றைக்கு என்று மனைவி கேட்கவில்லை. "தெரியுமே," என்றார்.

"தெரிஞ்சுமா மாறி நின்ன?"

"நாப்பது பேர் பாத்துட்டிருந்தாங்க. அங்க நின்னு உங்ககூடச் சண்டை போடச் சொல்றீங்களா?"

இவர் விண்ணப்பத்தை நீட்டினார். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கடைசி வரிவரை படித்தார். பிறகு மடித்து இவர் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"தோள்பட்டைக்கு மேல கை தூக்க முடியலைங்க. ரெண்டு வருஷமாச்சு. தலை வாரறதுகூட இடது கையாலதான். கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கவனிக்கவில்லை. "சர்வீஸுக்குக் கை தூக்க வேணாமே. கீழேருந்துதானே அடிக்கணும்," என்றார்.

மனைவி சிரித்துவிட்டார். "நான் போட்டா அது திரும்பி வருமேங்க, அப்ப என்ன பண்ணுவேன்?"

இவர் வாளியிலிருந்த ஈரப் போர்வையை எடுத்து மேல்கொடியில் போட்டார்.

"ஆமா, நடுவர் தேர்வு எழுதினீங்களே," என்றார் மனைவி. "தப்பான ஆளு சர்வீஸ் போட்டுட்டாங்க. அது ரொம்ப நேரம் கழிச்சுத் தெரிய வருது. அப்ப பாயிண்டை என்ன பண்ணுவாங்க?"

அதுவும் தேர்வில் வந்த கேள்விதான். சரியாகவே எழுதியிருந்தார்.

"தப்பைத் திருத்திக்கலாம்," என்றார். "போன பாயிண்ட் போனதுதான்."