காதிலிருந்து தோளுக்கு வந்த வைரம்

அப்பா இறந்தபோது எனக்குப் பதினேழு வயது. சிங்கப்பூர் துறைமுகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் வேலையில் இருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு காலை, வேலைக்குப் புறப்படும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியத்தன்று, தேக்கா வாடகை வீட்டில், தாலியோடு அம்மாவின் ஏழு கல் வைரத் தோட்டையும் கழற்றினார்கள்.

"இனி இது உனக்கு எதுக்கும்மா? என்கிட்ட இருக்கட்டும்," என்று பெரியப்பா கை நீட்டினார்.

அம்மா கொடுக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

அம்மா மருத்துவமனைத் தாதி. அவர் முன்பு கவனித்துக்கொண்ட நோயாளிகளில் ஒருவர் தலைமுறைகளாக மலாய் பேசும் பாபா சீனக் குடும்பத்துப் பெண்மணி, நகைகளுக்கு வடிவம் வரைபவர். அந்த நாளில் உடையில் குத்திக்கொள்ளும் வைர புரூச் என்றால் பூ, மயில், பட்டாம்பூச்சிதான். அந்தம்மா செய்தவையோ காற்றில் சாய்ந்த புல், கண்ணாடியில் வழியும் மழை. ஹை ஸ்திரீட் நகைக்கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவற்றையே பார்த்துச் செய்தார்கள். மறுபரிசோதனைக்கு வந்த அந்தம்மா அம்மாவின் வெறும் காதைப் பார்த்துவிட்டு மலாயில் விசாரித்தார். அம்மா சொன்னதும், "காதில்தானே கூடாது? தோளில் குத்திக்கொள்ளலாமே," என்றாராம்.

இதை அம்மா என்னிடம் சொல்லவே பல வாரமாயிற்று. சொன்ன மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு அந்தம்மாவின் பட்டறைக்குப் போனார். கறுப்பு வெல்வெட்டில் புரூச்சுகள் கிடந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எதையும் பார்க்கவில்லை. அந்தம்மா தோட்டிலிருந்து முதல் கல்லை நெம்பி எடுத்தபோது அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். விரல் தடம் வெகுநேரம் மறையவில்லை.

வந்தது ஒரு கோரைப்புல். நுனியில் பனித்துளிகளாக அந்தக் கற்கள்.

அதைச் சேலைத் தலைப்பில் தோளருகே குத்திக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அம்மா ஓர் உறவினர் திருமணத்துக்குப் போனார். பந்திக்குப் போகும் வழியில் பெரியப்பா மறித்தார்.

"புருஷன் போய் வருஷம் முடியல. அதுக்குள்ள வைரம் கேக்குதா?"

"காதுல போடக் கூடாதுன்னீங்க. போடல."

"எனக்கே பதில் சொல்றியா?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். சாப்பிடாமல் வெளியே வந்தோம். அந்த மாதமே, எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். சம்பந்தம் பேசியவரே பெரியப்பாதான். "ஏம்மா, அதைப் போட்டுக்கிட்டுத்தான் போகணுமா?" என்று கேட்டேன். "போடாம போயிருந்தா அடுத்து எதைக் கழட்டச் சொல்வாங்களோ," என்றார்.

ஆனால் அவருக்குப் பயம் இல்லாமல் இல்லை. வெளியே போகும்போதெல்லாம் புரூச்சைக் குத்திக்கொள்வார்; எதிரே தெரிந்த முகம் வந்தால் கை தானாகத் தோளுக்குப் போய் அதை மூடிவிடும். கோயிலில், சந்தையில், பேருந்தில், எங்கும் அந்தக் கை.

அறுபதுகளின் நடுவில், ஜூரோங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் என்னோடு வேலை பார்த்தவரை மணந்தேன். அப்பா வழிச் சொந்தத்தில் ஒருவரும் வரவில்லை. தாலி கட்டும்போதுகூட அம்மா மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பலகாரத் தட்டோடு அவரே பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பினார். நானும் போனேன். கதவைத் திறந்தது பெரியம்மா. உள்ளே பெரியப்பாவின் இருமல் கேட்டது.

"யாரு?"

பெரியம்மா எங்களைப் பார்த்தார், அம்மாவின் தோளைப் பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரங்க," என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். "தப்பா நினைக்காத தங்கச்சி," என்று கிசுகிசுத்தார்.

"இல்லக்கா," என்றார் அம்மா. அன்று மட்டும் அவர் கை தோளுக்குப் போகவில்லை. தட்டுக்காகக் காத்திருக்காமல் படியிறங்கினோம். அதன் பிறகு அந்த வீட்டுக்கு நாங்கள் போனதே இல்லை.