ஏலத்தில் எடுத்த பாய்க்கப்பல்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் ஏலம் உண்டு. சேவல், பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு, புதுக் குடை என்று காணிக்கையாக வந்ததெல்லாம் முற்றத்தில் நிற்கும். கேட்கிறவர்கள் சத்தமாக விலை சொல்வார்கள். எனக்கு அது வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு ரப்பர் வெட்டப் போனவன் நான். மரங்கள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதனால் ஏலத்தில் கையை மட்டும் தூக்குவேன். விளிக்கிறவர் புரிந்துகொள்வார்.

அன்று ஒரு ஏத்தன் வாழைக்குலைக்குத் தூக்கினேன். போட்டி ஏறி, வேறொருவர் எடுத்துவிட்டார். தூக்கிய கையை எல்லார் முன்னாலும் இறக்க வெட்கமாக இருந்தது. தலையைச் சொறிவதுபோல் அங்கேயே வைத்துக்கொண்டேன். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. கோவளத்தில் உல்லாசப் படகு ஓட்டும் சபையார் ஒருவர் கொடுத்த காகிதம்: பாய்மரக் கப்பலில் அரைநாள், எடுத்தவர் சொல்லும் இடத்துக்குப் போகும். அதை யாருமே கேட்கவில்லை. மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். குலையைவிட மலிவாக எனக்கு ஒரு கப்பல் கிடைத்தது. தவறு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"குலை வாங்க வந்த ஆளு கப்பலாக்கும் கொண்டு போறாரு," என்றாள் மனைவி. பெண்கள் வரிசையில் இருந்ததால் அவளால் என் கையைப் பிடித்து இறக்க முடியவில்லை. வீட்டில் அந்தக் காகிதத்தை இரண்டு முறை வாசித்தாள். பிறகு, "சொல்லுற இடத்துக்குப் போகுமா?" என்றாள்.

கல்யாணத்துக்கு முன் அவள் கோவளத்தில் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்பு வெளுத்தவள். பாறைமேல் கடலைப் பார்த்து நிற்கும் ஓட்டல். கரையிலிருந்து அதன் முதுகுதான் தெரியும். மூன்று வருஷம் பின்முற்றத்தில் நின்றவள் அதன் முகத்தைப் பார்த்ததில்லை.

"படகுக்காரருட்ட நீங்கதான் சொல்லணும். எடுத்தது நீங்க," என்றாள்.

"அத்தான் சொல்ல மாட்டாரு. நான் சொல்லுதேன்," என்றான் அவள் தம்பி. வெள்ளறடையில் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய்க்குப் பஞ்சமில்லாதவன். எனக்கு நிம்மதி.

விழிஞ்ஞத்தில் ஏறினோம். பாய் விரிந்ததும் மச்சினன் சுருண்டுவிட்டான். வாளியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவனிடம், "எலே, சொல்லுலே," என்றேன். அவன் வாயிலிருந்து வந்தது பேச்சல்ல.

"எங்கோட்டு போகணம், சேட்டா?" என்று போகவேண்டிய இடத்தைப் படகோட்டி மலையாளத்தில் என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் தனக்குத் தெரிந்ததைக் காட்டினார். கலங்கரை விளக்கம். பழைய ராஜாக்களின் துறைமுகம் இருந்த இடம். குன்றின்மேல் அரண்மனை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஓட்டல் இருந்த பாறை அடுத்த வளைவில். அங்கே போகாமலே படகைத் திருப்பத் தொடங்கினார். மனைவி சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான் கையைத் தூக்கினேன். படகோட்டி சிரித்துத் தானும் கையசைத்தார்.

"இறக்குங்க," என்றாள் மனைவி. "அடுத்த கப்பல் வந்து விழும்."

"அந்த ஓட்டலுக்கு முன்னால போகணும்," என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக. மச்சினன்கூட வாளியிலிருந்து தலையை எடுத்துப் பார்த்தான்.

படகு வளைவைத் தாண்டியது. வெள்ளைச் சுவர், நீல ஜன்னல்கள், மாடியில் காற்றில் படபடக்கும் விரிப்புகள். மனைவி கண்ணுக்குமேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"முன்பக்கம் கொள்ளாம்," என்றாள். "விரிப்புதான் சரியா வெளுக்கல்ல."

படகோட்டி திரும்பட்டுமா என்று கேட்டார். அவள் என் விலாவில் ஒரு இடி கொடுத்தாள்.

"இன்னொரு வட்டம்," என்றேன். மச்சினன் வாளியை மறுபடி அணைத்துக்கொண்டான்.