எத்தனை ஏக்கர் என்று கேட்கவில்லை

1. கூட்டம்

பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். என் ஆராய்ச்சி, ராண்டம் கோஎஃபிஷியன்ட் உள்ள சமன்பாடுகளில். மிரள வேண்டாம், நம் பக்கத்துப் பாறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் வெடிப்பு, ஓரிடத்தில் கெட்டிக் கல். எங்கே எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மைல் கணக்கில் எடுத்துப் பார்த்தால் அந்தத் தாறுமாறு அடங்கிவிடும். பாறை முழுக்க ஒரே மாதிரி இருப்பதாக வைத்து, ஒரே எண்ணைக்கொண்டு நீரோட்டத்தைக் கணக்கிடலாம். அந்த எண்ணைப் பிடிப்பதற்குப் பெயர் ஹோமோஜெனைசேஷன். வெறுமனே கூட்டி வகுத்தால் அது கிடைக்காது. அதனால்தான் எனக்கு முப்பது வருடம் பிழைப்பு ஓடியது.

அவிநாசி வட்டாரத்துக்கு அந்த எண்ணைக் கணக்கிட்டு, விவசாயிகள் கூட்டத்தில் பேசினேன். நல்ல எண்; வட்டாரத்துப் பாறைக்குள் தண்ணீர் தாராளமாக ஓடுகிறது என்று காட்டியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பேசி முடித்ததும் பழனிசாமி என்ற தென்னை விவசாயி வந்தார்.

"ஏனுங்க சார், என்னால ரெண்டுல ஒண்ணுதானுங்க முடியும். கோடை முச்சூடும் லாரித் தண்ணி ஊத்தி மரத்தைக் காப்பாத்தறதா, இல்ல போர் போடறதா? நீங்களே சொல்லுங்க."

"போர் போடுங்க. கீழ தண்ணி இருக்குது" என்றேன். கையிலிருந்த டீயை வைக்கக்கூட இல்லை.

2. போர்

போர் போட்ட அன்று நானும் போயிருந்தேன், பெருமையாக. ஆயிரம் அடி தாண்டியும் வெறும் கல்தூசிப் புகைதான் வந்தது. ரிக் வண்டிக்காரர்கள் குழாய்களைக் கழற்றினார்கள்.

என் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு: எடுத்துக்கொள்ளும் நிலத்தின் நீள அகலம், வெடிப்புகளுக்கு இடையிலான தூரத்தைவிட மிகப் பெரியதாக இருக்க வேண்டும். மாணவன் யாராவது அதை எழுத மறந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பழனிசாமியிடம் நானே அதைச் சொல்லவில்லை.

3. தோட்டம்

கோடை முடிந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். மரங்கள் மட்டை தொங்கிக் கருகி நின்றன. அவர் எனக்கு நாற்காலி போட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க கணக்கு தப்புன்னு நான் சொல்லலீங்க சார். வட்டாரத்துல தண்ணி இருக்குமுங்க. என்ற தோட்டம் ரெண்டே ஏக்கருங்க."

ஆராய்ச்சிக்கு வரும் இளையவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். விடை சொல்வதற்கு முன், கேட்பவரின் நிலம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் அந்த மரங்கள் இன்றைக்குக் காய்த்துக்கொண்டிருக்கும்.