ஓரேழு ஏழு, ஓரேழு ஏழு

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நடந்தது இது. நான் ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவள். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன். தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர்களில் ஆறை ஓட வைத்திருந்தவர் அங்குள்ள கணக்கு டீச்சர்தான்.

நாலு வாரம் போனதும் தலைமையாசிரியை பெற்றோரை வரச் சொன்னார். அவர்களுக்குப் பிடித்தால்தான் வகுப்பு தொடரும். பிள்ளைகள் ஒரு வாய்ப்பாடு புரோகிராம் செய்து வைத்திருந்தார்கள். எந்த எண்ணைத் தட்டினாலும் அதன் வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் வரும். இன்னும் அழகாக இருக்கட்டுமே என்று, கூட்டம் தொடங்கும் முன் நானே அதில் கைவைத்துக் கலரெல்லாம் மாற்றினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. பதினைந்து வருட அனுபவம் இருக்கிறதே!

ஓர் அம்மா "ஏழு போடுங்க" என்றார். போட்டேன். ஓரேழு ஏழு என்று வந்தது. அடுத்த வரியும் ஓரேழு ஏழு. அதற்கடுத்ததும் அதுவே. திரை நிறைந்து ஓடிக்கொண்டே இருந்தது.

பின்னாலிருந்து ஒரு அப்பா, "என்னம்மா, எம்புட்டு நேரமா ஒண்ணுலயே நிக்குது?" என்று கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. "பழைய கம்ப்யூட்டர் சார், அதான் மக்கர் பண்ணுது" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

தலைமையாசிரியை சட்டென்று கணக்கு டீச்சர் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" டீச்சர் முகம் சுண்டிப்போனது.

அப்போது முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். "மிஸ், கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணைக் கூட்டுன்னு நாங்க ஒரு வரி வச்சிருந்தோம்லா, அதைக் காணோம்."

"ஏட்டி, பெரியவங்க பேசையில உக்காரு" என்று அவள் அம்மா அதட்டினார்.

கலர் மாற்றும்போது அந்த வரியை அழித்தது நான்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் டீச்சரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அவ சொல்றதுதான் சரி. தப்பு என்னோடது. மெஷின் மேல பழி போட்டதும் தப்பு. டீச்சர் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

அந்தப் பிள்ளையையே வந்து சரிசெய்யச் சொன்னேன். விறுவிறுவென்று தட்டினாள். ஏழாம் வாய்ப்பாடு கடகடவென்று இறங்கியது. கேள்வி கேட்ட அதே அப்பாதான் முதலில் கைதட்டினார்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று மில்லுக்குக் கிளம்பிய அவள் அம்மா, "வார சனிக்கிழமையும் அனுப்புதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கணக்கு டீச்சரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க, இன்னொரு கம்ப்யூட்டரையும் ஓட வைக்கப் பார்ப்போம்" என்றார்.

வகுப்பு இன்றும் நடக்கிறது. பிழை வந்தால் பிள்ளைகள் ஒளிப்பதில்லை, உரக்கக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் ஏதாவது தப்பாகிப்போனால், சாக்கு வாயில் வருவதற்குள் "அது நான் செஞ்ச தப்பு" என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்வதால் மரியாதை குறைந்துவிடாது என்பதை அன்று அந்த அறையிலிருந்த அத்தனை பேரும் எனக்குத் தெரியவைத்துவிட்டார்கள்.