செல்வராஜின் மீன்களும் என் அப்பாவும்

தேனாம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் தொலைபேசி மேலதிகாரியின் மேஜைமேல் இருக்கிறது. எங்களில் யாருக்காவது அழைப்பு வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் கூப்பிடுவார். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவர் முகத்தைச் சுளிக்காமல் என்னைக் கூப்பிட்டபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மறுமுனையில் செல்வராஜின் தம்பி.

"அண்ணன் போயிட்டாங்க. காலைல ஒம்பது மணிக்கு. மாமாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க" என்றார்.

மஞ்சள் காமாலை என்று பதினைந்து நாளாகப் படுக்கையில் இருந்தவர். இருபத்தொன்பது வயது. 'மாமா' என்றது என் அப்பாவை. செல்வராஜ் போன துக்கத்தில் முதலில் தேற்ற வேண்டிய ஆள் என் அப்பாதான் என்று அவருடைய தம்பிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த நிமிஷம் அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜூடோ கழகத்தின் ஆண்டு மலருக்காக இதை எழுதுகிறேன். கழக நண்பர்கள் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து வாடா போடா என்று பேசிய ஆள். திடீரென்று மரியாதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதிலும் என்னை முந்திக்கொண்டார்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எட்டுக் குடித்தனங்கள் இருந்த ஒரு ஸ்டோரில் எங்கள் போர்ஷனும் அவர்கள் போர்ஷனும் எதிரெதிரே இருந்தன. அவர்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். தகப்பனாருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடையில் பங்கு. நாங்கள் இருவரும் ஒரே பள்ளி, பிறகு ஒரே கல்லூரி. அவர் விலங்கியல் எடுத்தார், நான் வணிகவியல் எடுத்தேன். அவரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து இரண்டாவதாக வருவது அலுத்துப் போயிருந்தது என்பதுதான் காரணம்.

அவர் ஒரு நாளை எப்படிச் செலவிட்டார் என்பதைச் சொன்னால் தெரியாதவர்கள் நம்ப மாட்டார்கள். விடிந்ததும் சைக்கிளில் அடையாறு. அங்கே ஒரு பள்ளிக்கூட ஹாலில் வைக்கோல் அடைத்த மெத்தைமேல் ஜூடோ. போட்டுக்கொள்ளும் சட்டை, கடையிலிருந்து வந்த காடாத் துணியை இரட்டையாக மடித்து அவருடைய அம்மா தைத்தது. ஏழரைக்குத் திரும்பி வந்து மீன் தொட்டி. கூடத்தில் இரும்புச் சட்டம் போட்ட மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று. அதில் ஏஞ்சல், கப்பி, வாள்வால். ஜன்னல் ஓரத்தில் பாட்டிலுக்கு ஒன்றாக இரண்டு ஃபைட்டர் மீன்கள். ஒன்றையொன்று பார்த்தால் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும் என்பதால் நடுவே ஒரு பழைய காலண்டர் அட்டை.

படிப்பு எப்போது என்றால், அதுவும் தொட்டிக்கு முன்னால்தான். பாடக் குறிப்புகளைத் தாளில் எழுதித் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீர் வழியாகப் படிப்பார். ஏஞ்சல் மீன் ஒரு வரியை மறைத்துக்கொண்டு நின்றால் அது நகரும்வரை முந்திய வரியையே சொல்லிக்கொண்டிருப்பார். "அதுவா நகரட்டும்டா. அதுக்குள்ள இது மனப்பாடம் ஆயிரும்" என்பார். நானும் படித்தேன், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மீனும் குறுக்கே வராமல். அவருக்கு முதல் வகுப்பு. எனக்கு என்ன வந்தது என்பதை மலரில் போட வேண்டிய அவசியமில்லை.

ஜூடோவில் விழப் பழகுவதுதான் முதல் பாடம். கூடத்தில் விழுந்து பழகினால் தரை அதிர்ந்து மீன்கள் மிரளும் என்று மொட்டை மாடியில் ஜமக்காளத்தை விரித்துப் பொத்துப் பொத்தென்று விழுவார். மேல் போர்ஷன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாள் வேறு மூலையில் விழுவார்.

இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். என் அப்பாவை எடுத்துக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஆறு மணிக்கு வருவார், காபி குடிப்பார், செருப்புகூடப் போடாமல் எதிர்ப் போர்ஷனுக்குப் போய்விடுவார். தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு எட்டு மணிவரை இருப்பார். "மாமா, இதுதான் ஆம்பள. துடுப்பு நீளமா இருக்கு பாருங்க" என்பார் செல்வராஜ். "அப்போ இது அவனோட ஆம்படையாளா?" என்று கேட்டு அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பு எங்கள் போர்ஷனுக்குக் கேட்கும். எங்கள் போர்ஷனில் கேட்டதில்லை.

"நாலு பேர் என்ன சொல்லுவா? நம்மாத்து மனுஷர் மீனோட குடித்தனம் பண்ணிண்டிருக்கார்" என்று அம்மா புலம்புவாள். "பாக்கறதுக்குத்தானேடி வளக்கறான், திங்கறதுக்கா?" என்பார் அப்பா.

நான் எந்தப் பாடம் எடுத்துப் படிக்கிறேன் என்பது அப்பாவுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஏஞ்சல் முட்டையிட்டால் எத்தனை நாளில் குஞ்சு வரும் என்பது தெரியும். ஸ்டோரில் மற்ற அப்பாக்கள் மகன்களைத் திட்டினார்கள், அடித்தார்கள். என் அப்பா என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. எல்லோரும் அவரைத் தங்கமான மனிதர் என்றார்கள். திட்ட வேண்டுமென்றால் முதலில் என்னைக் கவனிக்க வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும்.

நானும் மீன் வளர்த்துப் பார்த்தேன். மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்த கப்பிகள் மூன்று தடவை செத்துப்போயின. நாலாவது தடவை கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, கொயா தண்ணிய அப்டியே ஊத்தாதேன்னு எத்தினி வாட்டி சொல்றது? அதுங்க செத்துக்கினே கீது, நீ வாங்கிக்கினே கீறே" என்றார். ஜூடோவிலும் சேர்ந்தேன். செல்வராஜ் பழுப்பு நிறக் கச்சை கட்டிய வருஷத்திலும் என் கச்சை, சேர்ந்த நாளில் கட்டிய வெள்ளையாகவே இருந்தது. அப்பா எதையும் கேட்கவில்லை.

கல்லூரி இறுதி ஆண்டில் செல்வராஜுக்குப் பம்பாயில் ஒரு போட்டி. போக வர ஒரு வாரம். அவருடைய அம்மா ஊருக்குப் போயிருந்தார், தகப்பனாரும் தம்பியும் கடையே கதி. சாவியை என்னிடம் கொடுத்துச் சொன்னார்: "தண்ணி மாத்தாத. காலைல மட்டும் புழு ஒரு சிட்டிகை. வேற எதுவும் போட்டுராத. முக்கியமா பொரி கிரி போட்டுராத, ஊறித் தண்ணி கெட்டுரும்." என் அப்பா அப்போது அங்கே இல்லை.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு மீன் என்றால் குளத்து மீன். குளத்து மீன் என்றால் பொரி. அப்பா சின்ன வயதிலிருந்தே வெள்ளிக்கிழமைதோறும் படியில் நின்று பொரி போடுபவர். செல்வராஜ் இருக்கும்வரை தொட்டிக்குள் கை விட மாட்டார், பார்ப்பதோடு சரி. அவர் ஊரில் இல்லாத முதல் நாளே அப்பா ஒரு பொரிப் பொட்டலத்தோடு வந்தார். "பாவம்டா, வளத்தவன் இல்லாம ஏங்கிப்போயிருக்குமோன்னோ" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி போட்டார். மீன்கள் மேலே வந்து கொத்தின. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"போடாதேப்பா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. மீன்கள் செத்தால் அது அப்பாவால்தான் என்று ஆகும், செல்வராஜ் அவர்மேல் கோபப்படுவார், அப்பா அந்த முக்காலியை விட்டு எழுந்து எங்கள் போர்ஷனுக்கே வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். இதை இத்தனை தெளிவாக இன்றுதான் எழுதுகிறேன். அன்றும் இத்தனை தெளிவாகத்தான் நினைத்தேன்.

நாலு நாள் தினமும் ஒரு பிடி. தண்ணீர் அரிசி களைந்த கழுநீராக வெளுத்தது. ஐந்தாம் நாள் ஏஞ்சல் மீன்கள் சாய்ந்து மிதந்தன. "என்னடா இது, படுத்துண்டுடுத்தே" என்று அப்பா பதறினார். "தெரியலைப்பா" என்றேன்.

செல்வராஜ் வெண்கலப் பதக்கத்தோடு வந்தார். பையைக் கீழே வைக்கவில்லை, தொட்டிக்கு முன்னால் நின்றார். ஒன்றுகூட மிச்சமில்லை. அடியில் ஊறிய பொரி வெள்ளையாகப் படிந்து கிடந்தது. வாசற்படியில் அப்பா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்று, இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன்.

செல்வராஜ் காற்றடிக்கும் பம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்ப்.

"கரண்டு போயிருக்கு மாமா. பம்ப் நின்னுதான் மூச்சு முட்டியிருக்கு. இது நடக்கிறதுதான்" என்றார்.

அப்பா பெருமூச்சு விட்டார். அப்புறம் கிணற்றடியில் தொட்டியைக் கழுவும்போது செல்வராஜ் என்னிடம் கேட்டார்: "நான் சொன்னேன்லடா?"

"மறந்துட்டேன்."

கண்ணாடியில் ஒட்டியிருந்த பொரியை விரலால் சுரண்டி எடுத்தார். "சரி. மாமாகிட்ட மட்டும் சொல்லிராத. தெரிஞ்சா அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டாரு."

நான் விரும்பியது அதைத்தான். அது நடக்கக் கூடாது என்று என்னிடமே வாக்கு வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை அடையாறு மெத்தையில் என்னை ஏழெட்டுத் தடவை தூக்கிப் போட்டார். அவ்வளவு வேகமாக அவர் யாரையும் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் என் தலை தரையில் மோதாமல் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. புது மீன்கள் வந்தன. அப்பா முன்னைவிட அதிக நேரம் இருந்துவிட்டு வந்தார்.

பிறகு செல்வராஜுக்கு வங்கியில் வேலை கிடைத்தது. மாலை நேரங்களில் இந்தக் கழகத்தில் பயிற்சி கொடுத்தார். அந்த நாட்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

செல்வராஜ் போன அன்று அப்பாவை நான்தான் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. செல்வராஜின் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைத் தடவித் தடவி, குழந்தைபோல அழுதார். "என் ராஜா, என்னை விட்டுட்டுப் போயிட்டியேடா" என்றார். எனக்கு இப்படி அழுவாரா என்று நினைத்தேன். நண்பனின் உடலுக்கு முன்னால் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன்.

இதுவரை எழுதி முடித்து, கழகத்தில் கொடுப்பதற்கு முன் நேற்று மாலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பொரி வரும் இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். அதை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். 

"ஏண்டா, நாலு நாள் பாத்துண்டு நின்னியா? என் கையாலயே கொல்ல விட்டியா? அந்தப் புள்ளை எனக்காகப் பொய் சொல்லித்து. எனக்குன்னு பொறந்த நீ என்ன பண்ணினே? மனுஷனாடா நீ?"

அதோடு நிற்கவில்லை. நான் பரீட்சையில் கோட்டை விட்டது, ஜூடோவைப் பாதியில் விட்டது, கப்பிகளைச் சாகடித்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நான் எழுதாமல் விட்ட மார்க்கைக்கூடச் சொன்னார். இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "போறும் விடுங்கோ" என்றாள். எனக்குப் போதவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தி, "ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போடச் சொல்லு" என்றார்.

இந்த முடிவை மட்டும் சேர்த்து அப்படியே கொடுக்கிறேன். போய் வாடா, செல்வராஜ். அப்பா என்னைத் திட்டினார். பிறந்ததிலிருந்து முதல் தடவை, முழுசாக அரை மணி நேரம். அதுவும் உனக்காகத்தான்.