லோகாவின் பையும் மூன்று கால் ஸ்டான்டும்

தும்பீ,

அன்று காலையில் போன் அடித்தபோது உன் பெயர்தான் வந்தது. எடுத்த எடுப்பிலேயே சொன்னேன்: "ஓம்கா, ஸ்டான்டைத் திருப்பிக் கொண்டு வாறன். நீ வெண்டுட்டாய்." நானே தொடர்ந்து, "என்னகா, சந்தோசத்தில வாயடைச்சுப் போச்சா?" என்று கேட்டுச் சிரித்தேன். அப்போதுதான் உன் தம்பி ரவியின் குரல் வந்தது.

"அக்கா, நான் ரவி. தேத்தண்ணியக் குடிச்சுப்போட்டுக் கதிரையில இருந்தவ எழும்பல்லக்கா."

முதல் நாள் பின்னேரம் நீ என்னிடம் கேட்டதற்கு நான் வைத்திருந்த பதில் அது. அதைக் கேட்காமலே போய்விட்டாய்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கிற உங்களுக்கெல்லாம் அவள் ஸ்டூடியோ லோகா. உங்கள் வீட்டு அல்பங்களில் பாதி அவள் எடுத்தவை. எனக்கு அவள் தும்பி, ஓரிடத்தில் நிற்க மாட்டாள். நான் அவளுக்கு லைட் பிடித்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குப் பெரிதாக எழுதத் தெரியாது. ரவி பிழை திருத்தித் தருகிறான். எனக்குத் தெரிந்தது அவள் பை கட்டுகிற கதைதான், அதையே சொல்கிறேன்.

வாழைச்சேனையில் ஒரு சாமத்திய வீடு. பெரிய பிள்ளையானவளின் தலையில் மாமிக்காரி முதல் குடம் தண்ணீர் வார்க்கிற நேரம் பார்த்து பிளாஷ் செத்துவிட்டது. லோகா கொஞ்சமும் யோசிக்காமல், "மாமி, இன்னொருக்கா ஊத்துங்க" என்றாள். மாமிக்கு வந்ததே கோபம். "புள்ள ரெண்டு தரம் பெரிசாகுமாகா? என்ன கதை கதைக்கிறாய்?" பந்தல் முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு அவளுக்கு எல்லாம் இரண்டு. இரண்டு கமரா, இரண்டு பிளாஷ், இரண்டு சார்ஜர். "திருப்பி நடக்காத விசயத்துக்குப் போகக்குள்ள எல்லாத்திலயும் ரெண்டு வேணும்" என்பாள். சொன்னது அவள், சுமந்தது என் தோள்.

வேலை இல்லாமல் சும்மா ஒரு நாள் ஊர் பார்க்கப் போவோம் என்று முதன்முதலாகப் பாசிக்குடாவுக்குப் போனோம். அங்கேயும் கல்யாண வீட்டுக்குக் கட்டுவது போலவே கட்டிக்கொண்டு வந்தாள். லைட்டுக்குப் பிடிக்கிற வெள்ளைக் குடைகூட வந்தது. கடற்கரையில் நாங்கள் சாமான் இறக்கியதைப் பார்த்து ஒரு அம்மா ஓடி வந்தார். "பொண்ணு மாப்பிள இன்னும் வரல்லியா?" என்று கேட்டார். கமராவுக்குப் பாதுகாப்பு வேண்டுமே! அவள் கடலில் இறங்கினால் நான் காவல், நான் இறங்கினால் அவள் காவல். திரும்பி வரும்போது பஸ்ஸில் திடீரென்று கேட்டாள்: "நாம ரெண்டு பேரும் ஒண்டாக் குளிக்கவே இல்லையேகா?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். கொண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பில்தான் மலைநாட்டுக்குப் போகிற எண்ணம் பிறந்தது. பதுளையில் ரயில் ஏறி நானுஓயா வரைக்கும் போக வேண்டும். இந்த முறை ஒரே ஒரு பை, ரயிலில் மடியில் வைக்கக்கூடிய பை. நாங்கள் இரண்டு பேரும் மலையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. நான் சந்தையில் ஒரு சுவெட்டர் வாங்கி வந்து, மட்டக்களப்பு வெயிலிலேயே அதைப் போட்டுப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியது. "கழட்டாத, நில்லு நில்லு" என்று அதையும் ஒரு படம் எடுத்தாள். பயணத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் பை கட்டத் தொடங்கிவிட்டோம்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பின்னேரமும் கட்டிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு, டவுனிலிருந்து வந்து வலையிறவுப் பாலத்தை நடந்தே கடப்பாள். என் வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம், வவுணதீவில். பாலம் முடிகிற இடத்தில் நான் நிற்பேன். "எது கனத்தது?" என்று கேட்பேன். கனத்ததை எடுத்து என் கையில் தருவாள். ஒரு நாள் பெரிய சூம் லென்ஸ். இன்னொரு நாள் இரண்டாவது பிளாஷ். இரண்டாவது கமராவைத் தந்த நாளில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பிள்ளையை விடுதியில் விட்டுப் போகிற தாய் போல இருந்தது.

"அது பழுதாப் போனா?" என்று கேட்டாள்.

"போனாப் போகட்டும்கா. மலை நாளைக்கும் அங்கதானே நிக்கும்? இது திருப்பி நடக்கிற விசயம்."

அவளது பேச்சை அவளுக்கே திருப்பியதும் என் காதைப் பிடித்துத் திருகினாள். ஆனால் தந்துவிட்டாள். பாலத்தில் தூண்டில் போடுகிறவர்கள் எங்களைப் பார்த்து, "இண்டைக்கு என்ன குறைஞ்சது அக்கா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியாக மிஞ்சியது அந்த ஸ்டான்ட். கமராவை நிறுத்துகிற மூன்று கால் ஸ்டான்ட். பைக்குள் அடங்காது, வெளியில் கட்ட வேண்டும். "இதை விடு" என்றேன். அவள் விடவில்லை.

"இது இல்லாட்டி நாம ரெண்டு பேரும் ஒரு படத்தில எப்பிடிகா வாற?"

"ரயில்ல இரிக்கிற ஆரையும் கேட்டா எடுத்துத் தருவாங்க."

"ஆரும் எடுத்தா தலையை வெட்டிப்போடுவாங்க. இவ்வளவு காலமும் ஊராருட தலை வெட்டாம எடுத்தனான். எனக்கு ஒருக்காத் தலையோட வரேலாதா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஊர் முழுக்கப் படம் எடுத்த நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. ஒருத்தி கமராவுக்குப் பின்னால், ஒருத்தி லைட்டுக்குப் பின்னால். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கனம் கனம்தான் என்றேன். ஸ்டான்டை என் கையில் திணித்தாள். "இப்ப வச்சிரு. மறுகா யோசிச்சுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, சிறுத்த பையைத் தோளில் போட்டு, கையை வீசிக்கொண்டு பாலத்தில் நடந்து போனாள். நடுப்பாலத்தில் திரும்பி நின்று, எப்படி நிற்க வேண்டும் என்று எனக்குக் கையால் காட்டினாள். "நீ இடப்பக்கம், நான் பட்டனை அமத்திப்போட்டு பத்து விநாடிக்குள்ள ஓடி வந்து வலப்பக்கம்."

விடியும்வரை பொறுக்காமல் மனதுக்குள் "ஓம்" சொல்லிவிட்டேன். போனில் சொல்லத்தான் பிந்திப்போனது.

செத்த வீட்டுக்கு அவளுடைய படம் தேடி ரவி அலைந்தான். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்தார்கள். அவள் பார்த்திருந்தால் லைட் சரியில்லை என்று திட்டியிருப்பாள்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையல் முடிந்ததும், ஸ்டான்டைத் தவிர லென்ஸ், பிளாஷ், கமரா எல்லாவற்றையும் கொண்டுபோய் ரவியிடம் கொடுத்தேன். அவன் அவள் கட்டி வைத்த பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "பிரிக்க மனமில்லக்கா. நீங்க போயிட்டு வாங்க. அவ கட்டினது சும்மா கிடக்கக் கூடாது." ரயில் டிக்கெட்டும் அவனே எடுத்துத் தந்தான்.

அடுத்த கிழமை போகிறேன். அழுகிறேன்தான், ஆனால் நெஞ்சு படபடவென்று அடிப்பது அழுகையால் மட்டும் இல்லை. மலையைப் பார்க்கப் போகிறேன்! சுவெட்டர் மடித்து வைத்தாகிவிட்டது. ஒரு கமரா, ஒரு லென்ஸ், ஒரு பற்றரி, ஒரு சார்ஜர். ஸ்டான்டைப் பையின் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அவள் போலவே தோளில் போட்டுப் பாலத்தின் அந்தக் கரை வரைக்கும் நடந்து பார்த்தேன். கனக்கவில்லை.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஸ்டான்டும், பட்டனை அமத்திவிட்டு ஓடுகிற அந்தப் பத்து விநாடியும்தான். நேற்றுப் பாலத்தடியில் பழகிப் பார்த்தேன். முதல் படத்தில் என் முதுகு. இரண்டாவதில் பாதி முகம். மூன்றாவது சரியாக விழுந்தது, தலை வெட்டுப்படவில்லை. நான் இடப்பக்கம் நிற்கிறேன். வலப்பக்கம் வாவித் தண்ணீர் மட்டும்.

தும்பீ, மலையில எடுக்கக்குள்ள நான் நடுவில நிக்கட்டாகா, இல்ல இப்பிடியே உனக்கு இடம் விட்டு நிக்கட்டா?